ஐம்பத்தெட்டுப் பேருக்கு அத்தை

வெர்டெல் மேப்ரி எனக்கு ரத்த சொந்தம் இல்லை. ஸ்வீட்கம் ரோட்டில் யாருக்குமே இல்லை. அவளுடைய ஆட்கள் வடக்கே கார் தொழிற்சாலை வேலைக்குப் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இவள் ஒருத்திதான் தங்கினாள். ஆனாலும் ஜல்லி ரோடு தொடங்கும் இடத்திலிருந்து மரம் அறுக்கும் ஆலை வரைக்கும் எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் அவள் அத்தைதான். எங்கள் கறுப்பு ஜனங்களிடம் வயதில் மூத்த பெண்ணை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், பின்னந்தலையில் ஒன்று விழும்.

அவளுக்குச் சம்பளம் கொடுத்தது கோழி ஆலை. குளிர் அறையில் நின்று கறியிலிருந்து எலும்பு பிரிக்கும் வரிசையில் பத்தொன்பது வருஷம். வலது கையில் இரண்டு விரல் இப்போதும் நேராக நிமிராது. அவளுடைய இன்னொரு வேலைக்குச் சம்பளமும் கிடையாது, பேரும் கிடையாது. "கூட உட்காருவது" என்று சொல்வோம். ஒருத்திக்கு மாசம் ஏறினால், "வெர்டெல் அத்தைகிட்டச் சொல்லிட்டியா, கூட உக்காருவாளா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

மருத்துவச்சி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையை அவள் எடுப்பதில்லை. அது டாக்டர் பாடு. அவள் கூட இருப்பாள். இடுப்பைத் தாங்கிப் பிடிப்பாள், தண்ணீர் கொடுப்பாள், நர்ஸ் சொல்வது புரியாவிட்டால் புரியும்படி சொல்வாள், பிள்ளை பெறுகிறவள் சொல்வதை நர்ஸ் காதில் வாங்காவிட்டால் வாங்கும்படி சொல்வாள். இந்தக் கடைசி வேலைதான் பெரிய வேலை. அத்தைக்கு இருபது வயதில் முதல் பிள்ளை பிறந்தபோது அறையில் யாரும் இல்லை. மூச்சு முட்டுகிறது என்று கத்தியிருக்கிறாள். நர்ஸ் வந்து, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாளாம். குழந்தை இரண்டு மணி நேரம் இருந்தது. இதை அவள் ஒரே ஒரு தடவைதான் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதுவும், இவ்வளவு தூரம் எதற்கு அலைகிறீர்கள் என்று நான் குடைந்ததால் சொன்னது.

எங்கள் டாலிவர் மாவட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நாற்பத்தேழு மைல் போக வேண்டும். அங்கே வாசலில் லானி என்று ஒரு காவல்காரர். அவர் முன்னால் ஒரு பதிவேடு. வருகிறவர் பேர், நோயாளி பேர், நேரம், உறவு. அத்தை முதல் தடவை போனபோது உறவுக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.

"காலியா விட்டா மேல அனுப்ப மாட்டாங்கம்மா. ஏதாவது எழுது."

"நான் அவளுக்கு எதுவும் இல்லையே."

"உன்னை அந்தப் பொண்ணு என்னன்னு கூப்பிடுது?"

"அத்தைன்னு."

"அப்புறம் என்ன? எழுதிட்டுப் போ."

எழுதினாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. லானிக்கும் அவளுக்கும் அது ஒரு நிரந்தர வேடிக்கை.

"இந்த மாசம் மட்டும் நாலு மருமக ஆச்சு வெர்டெல். உன் குடும்பம் என்ன குடும்பமா, பட்டாளமா?"

"என்ன பண்றது லானி, எங்க அண்ணன் தம்பிங்க சும்மா இருக்க மாட்டேங்கிறாங்க."

அவளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

பிள்ளை பிறந்ததோடு அவள் வேலை முடியாது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வருவாள். மருந்துக்கடையில் வாங்கிய ரத்த அழுத்தக் கருவியைக் கையில் சுற்றிப் பார்ப்பாள். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவாள். தலைவலி இருக்கா, கண்ணில் பொறி பறக்குதா, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலிக்குதா என்று கேட்பாள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் போதும், குழந்தையைத் தொட்டிலோடு தூக்கிக் காரில் வைத்துவிடுவாள். அப்படி மூன்று பேரை அவள் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருத்தி கிரசண்ட் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள்.

போன வருஷம் வசந்த காலத்தில் மாநில அரசு ஒரு சட்டம் போட்டது. கூட உட்காருகிறவர்களுக்கு டூலா என்று பேர். அரசாங்கமே அவர்களுக்குச் சான்றிதழ் தரும். சான்றிதழ் இருந்தால், ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸே பிரசவத்துக்கு முன்னால் பார்ப்பதற்கும், பிரசவத்தில் இருப்பதற்கும், பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கும் பணம் கொடுக்கும். ஸ்வீட்கம் ரோட்டில் அந்த இன்சூரன்ஸ் அட்டை இல்லாத வீடு இல்லை.

நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்த்தே சொல்கிறேன். மாவட்ட வரி அலுவலகத்தில் வேலை. அரசாங்கக் காகிதம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. அந்தச் சட்டத்தை நாற்பத்தோரு பக்கமும் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் சமையலறையில் அத்தையைப் பிடித்தேன். அவள் பெரிய தவலையில் கீரை கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தாறு வருஷமா பண்ணிட்டிருக்கேன், இப்பத்தான் பேரு வச்சாங்களா?" என்றாள். "என்ன பேரு சொன்ன?"

"டூலா."

"மீன் பேரு மாதிரி இருக்கு."

"அத்தை, விளையாடாதீங்க. கோழி ஆலையை விட்டுடலாம்."

கரண்டி நின்றது. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். "என்ன எழுதணுமோ எழுது மார்க்கெல்," என்றாள்.

அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. கடந்த சில வருஷங்களில் பத்துப் பிரசவங்களில் கூட இருந்ததற்கு எழுத்துச் சான்று வேண்டும். டாக்டர்கள் யாரும் எழுதித் தர மாட்டார்கள். அவர்களுக்கு அவள் முகம்கூட ஞாபகம் இருக்காது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. லானியின் பதிவேடு. ஆஸ்பத்திரிக்கு முறைப்படி எழுதிப் போட்டு, ஏழு வருஷப் பக்கங்களின் நகலை வாங்கினேன். பேர், தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அவளுடைய கோணல் கையெழுத்து. ஐம்பத்தெட்டுப் பெண்கள். பத்துக்கு ஐம்பத்தெட்டு கொடுக்கிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் காட்டினேன், தங்கையிடம் காட்டினேன். உறவுக் கட்டத்தை நானும் பார்த்தேன். அத்தை என்றிருந்தது. அத்தைதானே. என் கண்ணுக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை.

என் தங்கை டெரிகாவுக்கு அப்போது ஐந்தாம் மாசம். தலைப்பிள்ளை. அவள் வீட்டுக்காரன் ரோடேரியஸ் மர ஆலையில் வேலை பார்க்கிறான்; நல்ல பையன், வாய் பேசத் தெரியாதவன். டெரிகாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியே இருந்தது. "எல்லைக்கோட்டுல இருக்கு, பாத்துக்கலாம்" என்று டாக்டர் சொன்னாராம். வெர்டெல் அத்தை வாராவாரம் வந்து பார்த்தாள். உப்புப் போட்ட பன்றிக்கறியை என் தங்கை தட்டிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அத்தை, அது என்னோடது!"

"உன்னோடதுதான். உனக்குப் பதிலா நான் தின்னு சாகுறேன்."

இதே சமயத்தில் ஆஸ்பத்திரியும் விதியை மாற்றியது. பிரசவ அறைக்குள் ஒரு பார்வையாளர். அதற்கு மேல் சான்றிதழ் உள்ள டூலா ஒருவர். வேறு யாருக்கும் அனுமதி இல்லை. சட்டம் வந்ததால் வந்த விதி. அதுவரை அத்தையாக உள்ளே போனவள் இனி சான்றிதழோடுதான் போக முடியும். டெரிகாவின் பிரசவத்துக்குள் அது வந்துவிட வேண்டும். நாங்கள் நாள் எண்ணினோம்.

செப்டம்பர் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. அத்தை அதை உறை பிரிக்காமல் என் அலுவலகத்துக்கே கொண்டுவந்தாள், ஆலைச் சீருடையோடு.

நான் படித்தேன். விண்ணப்பதாரர் ஐம்பத்தெட்டு இடங்களிலும் தன்னை நோயாளியின் அத்தை என்று பதிவு செய்திருக்கிறார். அது உண்மையானால், சொந்தக்காரருக்குச் செய்த உதவி அனுபவமாகக் கணக்கில் வராது. அது உண்மை இல்லையானால், மருத்துவமனைப் பதிவேட்டில் பொய்த் தகவல் எழுதியதாகும்; அப்படி எழுதியவர் சான்றிதழுக்குத் தகுதியற்றவர். அக்டோபர் பதினேழாம் தேதி தலைநகரத்தில் நேரில் விசாரணை. விசாரணை முடியும்வரை விண்ணப்பதாரர், சம்பளத்துக்கோ சும்மாவோ, எந்தக் கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருக்கும் எந்தத் தாய்க்கும் டூலா சேவை எதுவும் செய்யக்கூடாது. செய்தால் ஐந்து வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

அத்தை கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "பொய்யுன்னு எழுதியிருக்காங்களா?"

"அப்படித்தான் அத்தை வருது."

"அந்தப் புள்ளைங்க என்னை வேற என்னன்னு கூப்பிடுவாங்க?"

அந்தக் கேள்விக்கு அந்தக் கடிதத்தில் கட்டம் இல்லை. நான் அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். லானியிடம் போய், எழுதச் சொன்னது தான்தான் என்று கையெழுத்து வாங்கினேன். பாஸ்டரிடம், எங்கள் ஜனங்களிடம் அத்தை என்றால் யார் என்று விளக்கி ஒரு கடிதம் வாங்கினேன். நல்ல வழக்கு. ஜெயிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவள் அதுவரை விதியை மீறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெரிகாவின் இன்சூரன்ஸ் டூலாவுக்குப் பணம் தரத் தயாராக இருந்தது. பட்டியலும் அனுப்பினார்கள். ஏழு பேர். ஏழு பேரும் தலைநகரத்தில், தொண்ணூறு மைலுக்கு அப்பால். நான் ஏழு பேருக்கும் போன் போட்டேன். டாலிவர் மாவட்டம் என்றதும் இரண்டு பேர் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை.

அக்டோபர் இரண்டாம் தேதி, புதன்கிழமை, டெரிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உள்ளே ரோடேரியஸ் இருந்தான். பிரசவம் நல்லபடியாகவே ஆனது. அத்தை அன்றைக்கு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே நாலு தடவை எனக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு கத்தைக் காகிதம் கொடுத்தார்கள். தலைவலி வந்தால், பார்வை மங்கினால் உடனே வாருங்கள் என்று அதில் பதினோராம் பக்கத்தில் இருந்தது. அதைப் பிறகுதான் பார்த்தேன். மாநிலம் அனுப்பிய காகிதம் ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படித்தவன், அந்தக் கத்தையைச் சமையல் மேடையில் பார்த்துவிட்டு, மேலே பால் பாட்டிலை வைத்தேன்.

சனிக்கிழமை காலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கருவி வைத்திருக்கும் துணிப்பை தோளில் இருந்தது.

"மூணாம் நாள்," என்றாள்.

"போகக்கூடாது அத்தை."

"சும்மா புள்ளையப் பாக்கப் போறேன். அதுக்குமா சட்டம்?"

"பாக்கலாம். ஆனா ஒரு வார்த்தை ஆலோசனை சொன்னாலும் அது சேவைதான். இதோ இருக்கு, படிக்கட்டுமா? உங்களால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?"

"கல்யாண வீட்லயே முடியாது," என்றாள். சிரிக்கவில்லை.

"யாருக்குடா தெரியப்போவுது?" என்று அவளே தொடர்ந்தாள்.

"விசாரணையில சத்தியம் வாங்கிட்டுத்தான் கேப்பாங்க. போனீங்களா, இல்லையான்னு."

அங்கேதான் அவள் நின்றுவிட்டாள். எனக்கு அவளைத் தெரியும். பொய் எழுதினாள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டார்கள். வலது கையை உயர்த்தி இன்னொரு பொய்யை அவள் சொல்ல மாட்டாள். தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அதற்கு மேலும் சொன்னேன்: நவம்பரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், டிசம்பரில் ஒருத்தி இருக்கிறாள், அதில் ஒருத்திக்கு இரட்டை. இந்தச் சான்றிதழ் போனால் ஐந்து வருஷத்துக்கு அவர்கள் எல்லோரும் தனியாகத்தான் படுத்துக் கிடப்பார்கள். டெரிகா நல்லாத்தான் இருக்கா. பன்னிரண்டு நாள் அத்தை. பன்னிரண்டே நாள்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீ படிச்சவன்," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள்.

ஞாயிறு மதியம் டெரிகா எனக்குப் போன் செய்தாள். நான் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, தலை விட்டுப்போகுது. நேத்துலேர்ந்து."

"தூக்கமே இல்லைல்ல. புள்ள பெத்த எல்லாருக்கும் இருக்குறதுதான். மாத்திரை போட்டியா?"

"ரெண்டு போட்டேன். வெர்டெல் அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டா?"

"வேணாம்மா. போன்ல பேசுறதையும் கேப்பாங்க. பத்து நாள் பொறு."

"சரிண்ணா," என்றாள். பின்னால் குழந்தை அழுதது. "உங்க மருமக உங்களை மாதிரியே கத்துறா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ரோடேரியஸ் ஐந்து மணிக்கு ஆலைக்குப் போய்விட்டான். அவனுக்குக் கொடுத்த லீவு மூன்று நாள்தான். அம்மா முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்க்கிறவள்; ஏழரை மணிக்கு நேராக மகள் வீட்டுக்குப் போனாள். டெரிகா சமையலறைத் தரையில் கிடந்தாள். வலிப்பு வந்து நாக்கைக் கடித்திருந்தாள். குழந்தை உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வர முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்து நாலு வயது.

அடக்கத்துக்கு அத்தை வந்தாள். வழக்கமாக இழவு வீட்டில் அடுப்படி அவள் கையில்தான் இருக்கும். அன்றைக்குச் சர்ச்சின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் எழுந்து பாடினபோதும் எழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நான் போனேன்டா," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "எங்க?"

"அவ வீட்டுக்கு. திருப்பம் வரைக்கும் காரை ஓட்டிட்டுப் போயி, நிறுத்திட்டுப் பாத்தேன். வெயில் இன்னும் இருந்துச்சு. ஜன்னல் எல்லாத்துக்கும் போர்வையத் தொங்கவிட்டிருந்தாங்க. வெளிச்சம் கண்ணைக் குத்துனாத்தான் அப்படி மூடுவாங்க மார்க்கெல். எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்கு அது தெரியும்? புள்ளையும் தாயும் தூங்குறாங்க, அதான் மூடியிருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வண்டியத் திருப்பிட்டேன்."

தலைவலி என்று டெரிகா எனக்குப் போன் செய்ததை நான் அப்போது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு முடியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள், ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேட்பது போல.

விசாரணைக்குப் போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பதினேழாம் தேதி காலை ஆறு மணிக்கு என் வாசலில் காரோடு நின்றாள். சர்ச்சுக்குப் போடும் நீலச் சட்டை. "நவம்பர்ல ரெண்டு பேர்னு சொன்னேல்ல," என்றாள்.

தலைநகரத்தில் கம்பளம் விரித்த சின்ன அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணிக்கு என் அம்மா வயது இருக்கும். எங்கள் நிறம்தான், நல்ல கண்ணாடி, நல்ல குரல். அத்தை வலது கையை உயர்த்தியபோது, நிமிராத அந்த இரண்டு விரலையும் நேராக்கப் பார்த்தாள். அவை நிமிரவில்லை.

லானியின் கடிதத்தை அவர்கள் படித்திருந்தார்கள். பாஸ்டரின் கடிதத்தையும் படித்திருந்தார்கள். "எங்க வீட்டுப் பக்கமும் இப்படித்தான் கூப்பிடுவோம்," என்று அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது.

"கடைசியா ஒண்ணு. விண்ணப்பம் நிலுவையில இருந்த காலத்துல கர்ப்பிணி யாரையாவது, பிரசவமான தாய் யாரையாவது பாக்கப் போனீங்களா?"

"போகல."

"ஒருத்தரையும்?"

"ஒருத்தியப் பாக்கப் போயிருக்கணும். போகல."

"நல்லது," என்று சொல்லி அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

அத்தை எழுந்து நின்றாள். "அது நல்லது இல்லம்மா. அவ செத்துப்போயிட்டா. டெரிகான்னு பேரு. பத்து நாள் ஆச்சு. அதையும் எழுதுங்க."

அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டது, அது நடிப்பு இல்லை, நான் பார்த்தேன். "ரொம்ப வருத்தமா இருக்கு, மிஸ் மேப்ரி," என்றார். "ஆனா இந்தப் பதிவுல அதைச் சேக்க இடம் இல்லை."

"இடம் இல்லைன்னா ஓரத்துல எழுதுங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதவில்லை. பத்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டு, கால் மணி நேரத்தில் கூப்பிட்டுச் சான்றிதழ் உண்டு என்றார்கள். இன்சூரன்ஸில் பதிவு செய்ய ஒரு எண்ணும் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். மாவட்ட எல்லையில் அவள் போன் அடித்தது. இரட்டைப் பிள்ளை சுமக்கிற ஷாவோண்டா. அவள் குரல் எனக்கே கேட்டது: "கெடச்சுதா அத்தை?"

"கெடச்சுது. நாளைக்கு வர்றேன். கால் வீங்கியிருக்கா?" என்று கேட்டாள், ஒரு நடுக்கமும் இல்லாமல். பேசி முடித்ததும், "நிறுத்து," என்றாள். ரோட்டோரப் புல்லில் இறங்கிக் குனிந்து வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் கொப்பளித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. ரோடேரியஸ் வேலைக்குப் போகும் நேரத்தில் அது எங்களிடம்தான் இருக்கும். அத்தை காரை விட்டு இறங்கினாள்.

"குடுத்துட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"குடுத்துட்டாங்க."

"ஸ்வீட்கம் ரோட்ல ஒருத்தி விடாம போய் மூணாம் நாள் பாத்திருக்க, வெர்டெல். என்னையும் பாத்திருக்க, டெரிகாவைப் பெத்தப்ப. எம்பொண்ணை மட்டும் ஏன் வந்து பாக்கல?"

அம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. போகக்கூடாது என்று நான் சொன்னதும் தெரியாது, டெரிகா எனக்குப் போன் செய்ததும் தெரியாது. அத்தையின் துணிப்பை என் கையில் இருந்தது. நான் அவர்கள் இருவருக்கும் நடுவில், நாலடி தூரத்தில் நின்றேன்.

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"பேப்பருக்காக வரல, எர்லீன்," என்றாள். "பேப்பர் போயிடும்னு பயந்தேன். அதான்."

அம்மா திட்டவில்லை. குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போய், வலைக்கதவை இழுத்துக் கொக்கி போட்டாள். எங்கள் வீட்டில் பகலில் அந்தக் கொக்கியை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

"அத்தை, நான் போய்ச் சொல்றேன்," என்றேன்.

"என்னன்னு சொல்லுவ? அவளுக்கு மிச்சம் இருக்குற புள்ள நீ ஒருத்தன்தான். அதையும் எடுத்துறாத." என் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

ஷாவோண்டாவுக்கு டிசம்பரில் பிரசவமானது. அத்தை சான்றிதழ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். லானி எந்தக் கேலியும் பேசவில்லையாம். பிரசவத்துக்குப் பிறகு எத்தனை தடவை வீட்டுக்குப் போனால் பணம் கொடுப்பது என்று இன்சூரன்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அவள் அந்தக் கணக்குக்கு மேல் இரண்டு மடங்கு போகிறாள். அவளுடைய ஃபாரங்களை இப்போதும் நான்தான் நிரப்புகிறேன். தபால்பெட்டியில் வைத்துவிட்டுப் போவாள்; நான் எழுதித் திருப்பி வைப்பேன். வீட்டுக்குள் அவள் வருவதில்லை. அம்மா அவள் பேரை எடுப்பதில்லை. நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.